கை படாத மதகு

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் பிறகு மனித இனம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், மெக்னாஸ் நகரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாடியறையில் ஸுஹைர் எழுதி முடித்த கணினி நிரல்தான். இதை ஸுஹைரே சொன்னான். நாற்காலி மேல் ஏறி நின்று, கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னான்.

“இன்னையிலேருந்து இந்த மதகை மனுஷக் கை தொடாது. கைங்கிறது ரொட்டி பிய்க்கிறதுக்கு. உலகத்துல இதுவரைக்கும் நடந்த தப்பை எல்லாம் எடுத்துப் பாருங்க, ஒவ்வொண்ணுலயும் யாரோ ஒருத்தன் கை இருக்கும்.”

கீழே நின்றிருந்த விளையாட்டுச் சங்கத்தார் கைதட்டினார்கள்.

“இதையும் கையாலதான் தட்டுறாங்க,” என்று இத்ரீஸ் மட்டும் முணுமுணுத்தான்.

மதகு உண்மையான மதகு அல்ல. சங்கத்தின் பழைய கணினியில் ஓடும் ஒரு விளையாட்டுக்குள் இருந்தது. விளையாட்டு கீரிகளைப் பற்றியது. தொப்பி போட்ட கீரிகள் ஓர் ஆற்றங்கரையில் ஊர் கட்டி, மரம் வெட்டி, கேரட் பயிரிட்டு, குட்டி போட்டு வாழும். ஆற்றில் வருஷத்துக்கொரு முறை மலைப்பக்கமிருந்து ஊதா நிறத்தில் கெட்ட நீர் வரும். அது வருவதற்குள் மேல் மதகை மூடி நல்ல நீரைத் தேக்கிக்கொள்ள வேண்டும். கெட்டது வாய்க்கால் வழியாகக் கழிந்து போனதும் திறக்க வேண்டும். மூடத் தவறினால் கேரட் கருகும், பிறகு கீரிகள்.

சங்கத்துக்கு இதில் ஒரு வைராக்கியம் இருந்தது. விளையாட்டை நிறுத்துவதில்லை, பழைய நிலைக்குத் திருப்புவதுமில்லை. செத்த கீரி செத்ததுதான். ஊரைத் தொடங்கி வைத்த மாணவர்கள் பட்டம் வாங்கிக் காசாபிளாங்காவில் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன கீரிகளின் பேரன் பேத்திகள் இங்கே ஊதா நீருக்குத் தப்பி வாழ்ந்துகொண்டிருந்தன. கணினி இரவு பகலாக ஓடியது. நமக்கு ஒரு நாள் என்பது கீரிகளுக்கு ஒரு வருஷம். ஆகவே கெட்ட நீர் தினமும் ஒரே வேளையில், சூரியன் மறைவதற்குச் சற்று முன்னால் வந்துவிடும்.

தினமும் அந்த வேளையில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன் இத்ரீஸ். ரிஸ்ஸானிப் பக்கத்துப் பாலைவனத்துப் பையன். நெட்டை. வாயைத் திறப்பது அபூர்வம். அறைச் சாவி அவனிடம்தான். ஆற்றின் வளைவில் ஊதா தெரிந்ததும் மதகைச் சொடுக்கி மூடுவான், நிறம் போகும் வரை காத்திருப்பான், திறப்பான். கீரிகளுக்குத் தன் ஊர்க்காரர்கள் பேரை வைத்திருந்தான். நாவிதர் ஒன்று, பேருந்து நடத்துநர் ஒன்று, எந்த வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் வேடிக்கை பார்க்கும் ஒன்றுக்கு வட்டார அதிகாரியின் பேர்.

ஸுஹைரும் அவனும் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார்கள். அந்த உரிமையில் ஸுஹைர் அவனுக்கு ‘ஹாஜி மதகு’ என்று பட்டம் கொடுத்திருந்தான். உணவுக்கூடத்தில் வரிசையில் நிற்கும்போது சத்தமாகக் கூப்பிடுவான்.

“ஹாஜி மதகு, மணியாச்சே, போகலையா? பாம்புக்குப் பகைக்காரனெல்லாம் தாகத்துல தவிப்பானே! இருபத்தோராம் நூற்றாண்டுல சுண்டுவிரலால மதகு மூடுற கடைசி மனுஷன்டா நீ. உன்னை அருங்காட்சியகத்துல வைக்கணும்.”

இத்ரீஸ் சிரித்துவிட்டுப் போய் மதகை மூடுவான்.

நோன்பு மாதம் நெருங்கியபோதுதான் சங்கம் கலவரமடைந்தது. வீட்டில் ஹரீரா சூப் கொதித்து இறங்கும் நேரத்தில் எவன் போய்க் கீரிக்கு மதகு மூடுவான்? இத்ரீஸே கொஞ்சம் வாடிப்போனான். அப்போது ஸுஹைர் விளையாட்டின் உள்ளே போய்ப் பார்த்து ஒரு வசதியைக் கண்டுபிடித்தான். மதகின் நெம்புகோலுக்கு ஒரு முகவரி கொடுக்கலாம். விளையாட்டுக்கு வெளியே ஓடும் வேறொரு நிரல் அந்த முகவரியைத் தட்டினால் உள்ளே நெம்புகோல் சாயும். ஆற்றில் வைக்கும் நீர்மணிக்கும் அப்படியே. கெட்ட நீர் பட்டதும் அது வெளியே செய்தி அனுப்பும்.

“நீர்மணி சொன்னதும் மதகு மூடுற மாதிரி எழுதேன்,” என்றான் இத்ரீஸ். “அதுதான் தண்ணியைப் பார்க்குது.”

“நீர்மணிங்கிறது வதந்தி, தோழா. நேரம்ங்கிறது உண்மை. தினமும் ஒரே நேரத்துக்குத்தானே வருது? கணினிக் கடிகாரத்தைப் பார்த்து மூடு, கடிகாரத்தைப் பார்த்துத் திற. முடிஞ்சது கதை. கண்ணும் வேண்டாம், காதும் வேண்டாம், ஹாஜியும் வேண்டாம்.”

நீர்மணியைக் கேட்கும் பகுதியை எழுத இன்னொரு சாயங்காலம் ஆகும் என்பதும், அன்றைக்குப் பந்தாட்டம் இருந்தது என்பதும் ஸுஹைருக்கு மட்டும் தெரிந்த உண்மைகள்.

நிரல் ஓடியது. ஒரு வாரம் போல ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஸுஹைர் திரையின் மேல் ஒரு தாளை ஒட்டினான்: ‘தொடாதே. இது யோசிக்கிறது.’

நோன்பு மாதம் வந்தால் மொரோக்கோ அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும். பெருநாள் கழிந்ததும் திரும்ப முன்னுக்கு இழுக்கும். அந்த நாட்களில் எவனாவது எவனையாவது சந்திப்பதாக இருந்தால் ‘பழைய மணியா, புது மணியா?’ என்று கேட்காமல் போனை வைக்க மாட்டான். அடுப்பு, கார், அத்தை கட்டியிருக்கும் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் யாராவது ஒருத்தர் சுற்றிச் சுற்றி வந்து திருத்துவார்கள். ஸுஹைர் வீட்டில் சின்ன வயதிலிருந்து அந்த வேலை அவனுடையது. அதில் அவனுக்கு ஒரு பெருமையும் உண்டு.

முதல் நோன்பன்று மத்தியானம், நாக்கு ஒட்டிப்போய்த் தலை கிறுகிறுக்க, நிரல் எப்படி ஓடுகிறது என்று பார்க்கச் சங்க அறைக்குப் போனான். சுவர்க் கடிகாரம் பழைய நேரத்தில் நின்றிருந்தது. நாடே ஞாயிற்றுக்கிழமை மாறிவிட்டது, இந்த அறை மட்டும் மாறவில்லை. “இந்தச் சோம்பேறிங்களை வெச்சுக்கிட்டு,” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் ஏறி முள்ளைத் திருப்பினான். இறங்கியவன் கண்ணில் கணினித் திரையின் மூலையிலிருந்த நேரம் பட்டது. அதுவும் பழையது. ஒரு வருஷம் அது தானாகவே தவறாகத் தாவி, சங்கமே பரீட்சைக்கு விடியலில் போய் நின்றதிலிருந்து தானியங்கி மாற்றத்தை அணைத்து வைத்திருந்தார்கள். ஸுஹைர் அதையும் கையாலேயே ஒரு மணி பின்னுக்கு வைத்தான். அறையே சுத்தமானது போல ஒரு திருப்தி. பூட்டி, சாவியை இத்ரீஸிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தான்.

ஆற்றுக்கு அரசாங்க உத்தரவு எதுவும் வரவில்லை. அது தன் வேளைக்கு ஊதாவாக வந்தது.

மறுநாள் காலை சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இத்ரீஸ் ஒரே வரி போட்டிருந்தான்: ‘கீரிங்க போச்சு.’

மத்தியானம் எல்லாரும் கூடினார்கள். காப்பி இல்லை, சிகரெட் இல்லை, தண்ணீர்கூட இல்லை. ஆளாளுக்கு எரிந்து விழத் தயாராக இருந்தார்கள். திரையில் வயல் கருகிக் கிடந்தது. தேக்கத்தில் தொப்பிகள் மிதந்தன. மேட்டுக் காற்றாலைக்குப் பக்கத்தில், அங்கே ஒரு தனித் தொட்டி இருந்த புண்ணியத்தில், ஒரு கைப்பிடிக் கீரிகள் பிழைத்திருந்தன.

சங்கத் தலைவி கிஸ்லான் மேசை மேல் உட்கார்ந்திருந்தாள். கடைசி வருஷம், ஃபெஸ் நகரத்துக்காரி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

“மதகு மூடலையா?”

“மூடுச்சு. லேட்டா மூடியிருக்கு,” என்றான் இத்ரீஸ். “நேத்து சாயங்காலம் பள்ளிவாசல் பாங்குக்கு முன்னாடி சார்ஜர் எடுக்க வந்தேன். அப்பவே தண்ணி ஊதாவா வந்துக்கிட்டிருந்தது. மதகு திறந்திருந்தது.”

“பார்த்தியா? பார்த்துட்டு என்ன பண்ணினே?”

“மவுஸ்ல கையை வெச்சேன். அப்புறம் எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டியா? ஏன்டா?”

இத்ரீஸ் ஸுஹைரைப் பார்த்தான். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. வழி கேட்கும் பார்வை. “தொடாதேன்னு ஒட்டியிருக்கு. அது ஏதோ யோசிக்குது போலன்னு நினைச்சேன். நான் தொட்டா, ஹாஜியால கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலைன்னு நாளைக்குச் சிரிப்பீங்க.”

அவன் பேசும்போது ஸுஹைர் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அண்ணாந்தான். சுவர்க் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நேற்று தான் நாற்காலியில் ஏறியது, இறங்கியது, திரை மூலையைத் திருத்தியது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. நிரல் தவறவில்லை. சொன்ன நேரத்துக்குத்தான் மூடியது. அந்த நேரத்தையே ஒருத்தன் நகர்த்தி வைத்துவிட்டான். ஒரு மணி நேரம். கீரிகளுக்கு அது அரை மாதம்.

‘நான்தான்’ என்ற சொல் தொண்டை வரை வந்தது. எல்லாரும் அவனையே பார்த்தார்கள். எப்போதும் போல ஏதாவது சொல்லுவான் என்ற எதிர்பார்ப்பு அந்த முகங்களில் இருந்தது. வாய் அதற்குப் பழகியிருந்தது.

“தாளை ஒட்டினா கண்ணு அவிஞ்சு போயிடுமா? பக்கத்து வீடு பத்தி எரியுது, வாசல்ல ‘அனுமதி இல்லாமல் நுழையாதே’ன்னு பலகை, அதனால நான் திரும்பி வந்துட்டேன்னு சொல்லுவியா?”

அறை வெடித்துச் சிரித்தது. முந்தின நாளிலிருந்து யாருமே சிரித்திருக்கவில்லை. அவ்வளவையும் சேர்த்துச் சிரித்தார்கள். அவன் அதுவரை அடித்த நகைச்சுவையிலேயே அதுதான் நன்றாக எடுபட்டது. அவன் காது மட்டும் நெருப்பாகச் சுட்டது.

“விளையாட்டு சில நேரம் இழுத்துக்கிட்டு மெதுவா ஓடும்,” என்று யாரும் கேட்காமலேயே சேர்த்துக்கொண்டான். “அதுக்கு ப்ரோகிராம் என்ன பண்ணும்?”

“பார்த்துட்டு சூப் குடிக்கப் போயிருக்கான்,” என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். “நாவிதர் மிதக்குறாரு, இவன் பேரீச்சம்பழம் தின்னுக்கிட்டிருக்கான்.”

இத்ரீஸ் தலையைக் குனிந்துகொண்டான். “நான் மூடியிருக்கணும். என் தப்புதான். மன்னிச்சுக்குங்க.”

“சாவியைக் குடு,” என்றாள் கிஸ்லான். கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். “கொஞ்ச நாளைக்கு வேற யாராவது வெச்சிருக்கட்டும். ஸுஹைர், நீ வெச்சுக்கோ.”

இத்ரீஸ் சாவியை வளையத்திலிருந்து கழற்றினான். அது சீக்கிரம் கழலவில்லை. நகத்தால் நெம்பிக் கழற்றினான். ஸுஹைர் உள்ளங்கையை நீட்டினான்.

அன்று சமையல் முறை இத்ரீஸுடையது. இப்படி ஒரு மத்தியானத்துக்குப் பிறகு வேறு யாராக இருந்தாலும் கடையில் வாங்கியிருப்பான். இவன் கொண்டைக்கடலையை வேகவைத்து, தக்காளி அரைத்து, கொத்தமல்லி நறுக்கி, எல்லாம் முறைப்படி செய்தான். பாங்கு ஒலித்தது. அம்மா ஊரிலிருந்து அனுப்பிய ஷெபாக்கியா இனிப்பைத் தட்டில் வைத்தான். சூப்பை முதலில் ஸுஹைரின் கிண்ணத்தில்தான் ஊற்றினான்.

“எலுமிச்சை பிழியட்டுமா?”

“ம்.”

“நான் ஊருக்குப் போயிடலாம்னு இருக்கேன்,” என்றான் இத்ரீஸ், பிழிந்துகொண்டே. “பெருநாள் வரைக்கும். வகுப்பு என்ன பெரிய வகுப்பு. சாயங்காலமானா அந்த அறைக்குப் போகத்தான் கால் போகுது. இப்போ போனா என்னைப் பார்த்து என்ன சொல்லுவாங்கன்னு தெரியும். அடுத்த வருஷம் சங்கத் தலைவர் பதவிக்கு நிக்கலாம்னு நினைச்சேன், அதுவும் இனிமே…” முடிக்காமல் கரண்டியை வைத்தான்.

ஸுஹைருக்குப் பசி செத்துப்போயிருந்தது. பகல் முழுக்க அவன் நினைத்துக்கொண்டிருந்த சூப் அது.

“இத்ரீஸ், நேரம்ங்கிறது என்ன? யோசிச்சுப் பார்த்தா அது ஒரு சமூக ஒப்பந்தம். ஒரு நாடே ஒரு ஞாயித்துக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து…”

“சூப் ஆறுது.”

“இல்ல, கேளு. ஒரு எந்திரம் அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலைன்னு வெச்சுக்கோ…”

“ஸுஹைர், எனக்குத் தலை வலிக்குது. நேரா சொல்லு.”

சொன்னான். நாற்காலியில் ஏறியதிலிருந்து சொன்னான். பேசும்போது ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தான். முடித்தபோது அங்கே ஒரு சின்னக் குவியல் இருந்தது.

இத்ரீஸ் அந்தக் குவியலைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான்.

“உனக்கு இது எப்போ தெரிஞ்சது?”

“கூட்டத்துல. கடிகாரத்தைப் பார்த்தப்போ.”

“பலகை ஜோக்குக்கு முன்னாடியா, பின்னாடியா?”

ஒரு சொல்லில் தப்பித்துவிடலாம். ஸுஹைர் வாயைத் திறந்தான். அவன் வாயிலிருந்து அன்றைக்கு வெளிவந்த முதல் சுருக்கமான பதில் அதுதான்.

“முன்னாடி.”

இத்ரீஸ் தலையாட்டினான். திட்டவில்லை. தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், நின்றபடியே குடித்தான். கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம் கேட்டது. ஷெபாக்கியாத் தட்டு மேசையிலேயே இருந்தது; அவன் அதைக்கூட எடுத்துப்போகவில்லை. எடுத்துப் போயிருந்தால் ஸுஹைருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

குழுவுக்குச் செய்தி எழுத உட்கார்ந்தான் ஸுஹைர். ‘அமைப்புகளுக்கு இடையிலான நேர ஒத்திசைவுச் சிக்கல் காரணமாக’ என்று தொடங்கிய ஒரு நீண்ட அறிக்கை தயாரானது. படித்துப் பார்த்தான். அமைச்சகத்திலிருந்து வந்தது போல இருந்தது. யார் மேலும் தவறில்லாத, எல்லாம் தானாகவே நடந்த ஒரு உலகம் அதில் இருந்தது. அழித்தான். பிறகு எழுதினான்: ‘கணினிக் கடிகாரத்தை மாத்தினது நான். கூட்டத்திலேயே எனக்குத் தெரியும். இத்ரீஸ் மேல ஒரு தப்பும் இல்லை.’ அனுப்பிவிட்டு போனைத் தலையணைக்கு அடியில் வைத்தான்.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தான். கொண்டாடினார்கள். மறுநாள் கல்லூரி வாசலிலிருந்து நூலகம் வரை ஒருத்தர் விடாமல் நிறுத்தி மணி கேட்டார்கள்.

“ஸுஹைர், மணி என்ன ஆச்சு? பழைய மணியா, புது மணியா, கீரி மணியா?”

“ஏம்ப்பா, கைங்கிறது எதுக்குன்னு சொன்னே? ரொட்டிக்கா, கடிகாரத்துக்கா?”

எல்லாவற்றுக்கும் அவன் நின்று சிரித்தான். சிரிக்க உரிமை உள்ளவன் ஒருத்தன்தான். அந்த இத்ரீஸ் கூட்டத்தின் ஓரத்தில் பையை மாட்டிக்கொண்டு, சிரிக்காமல் நின்றிருந்தான்.

கிஸ்லான் இருவரையும் தாழ்வாரத்தில் பிடித்தாள். “சாவியை அவன்கிட்ட குடு. இத்ரீஸ், நான் விசாரிக்காம பேசிட்டேன். கோவிச்சுக்காதே.”

ஸுஹைர் சாவியை நீட்டினான். இத்ரீஸ் வாங்கவில்லை.

“உன் மேல கோவமில்ல, கிஸ்லான். பெருநாளுக்கு அப்புறம் வாங்கிக்கிறேன். சாயங்காலம் எனக்கு பஸ்.”

“அப்போ மிச்சம் இருக்கிற கீரிங்க?”

“ப்ரோகிராம் இருக்கே,” என்றான் இத்ரீஸ். அதில் குத்தல் இருக்கிறதா என்று ஸுஹைர் தேடிப் பார்த்தான். இல்லை. வெறுமனே சொன்னான். குத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கே ஸுஹைர் நிரலைத் திருத்தினான். நீர்மணி சொன்னதும் மதகு மூடும்படி, நிறம் தெளிந்ததும் திறக்கும்படி, கடிகாரம் என்ற பேச்சே இல்லாமல், இத்ரீஸ் முதலில் சொன்னானே, அப்படியே எழுதினான். ஒரு சாயங்காலம்கூட ஆகவில்லை. சோதித்தான், ஓடியது. கடிகாரத்தைக் கண்டபடி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். அது கண்டுகொள்ளவே இல்லை. குழுவில் போட்டான்: ‘சரியாயிடுச்சு. இனிமே யாரும் வர வேண்டியதில்லை.’ கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. இத்ரீஸிடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை.

மறுநாள் பொழுது சாய்ந்தபோது மெக்னாஸ் தெருக்கள் காலியாகிக்கொண்டிருந்தன. கடைசி டாக்ஸிகள் பேய் பிடித்தது போலப் பறந்தன. வீட்டு வழியில் பாதி தூரம் போன ஸுஹைர் நின்றான். நிரலில் குறை எதுவும் இல்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். போன தடவையும் நன்றாகத் தெரிந்திருந்தது. திரும்பி நடந்தான். யாராவது பார்க்கிறார்களா என்று மட்டும் இரண்டு முறை பார்த்துக்கொண்டான்.

அறையைத் திறந்து, விளக்கைப் போடாமல் உட்கார்ந்தான். நிரலை அணைத்தான். காற்றாலைப் பக்கம் ஒரு கைப்பிடிக் கீரிகள் புது வயலைக் கொத்திக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் எந்த வேலையும் செய்யாமல் மற்றவை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸுஹைர் அதைப் படம் எடுத்து, ‘அதிகாரி பிழைச்சிருக்காரு’ என்று எழுதி இத்ரீஸுக்கு அனுப்பினான். படித்துவிட்டதற்கான இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை.

ஆற்றின் வளைவில் ஊதா லேசாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஊரெங்கும் பாங்கு எழுந்தது. பையில் பேரீச்சம்பழம் இருந்தது, எடுக்கவில்லை. மவுஸின் மேல் கையை வைத்து, மதகின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனான். சொடுக்கினான். மதகு இறங்கியது. ஊதா நீர் பலகையில் மோதி, யோசித்து, வாய்க்கால் பக்கம் திரும்பியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திறக்கவும் வேண்டும். அதுவரை எழுந்திருக்க முடியாது.

படிக்கட்டில் காலடிச் சத்தம். கட்டடத்துக் காவலாளி கீழிருந்தே குரல் கொடுத்தார்.

“மேலே யாருப்பா? நோன்பு திறக்க வரலையா? சூப் இருக்கு, வா!”

ஸுஹைர் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தான். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

“யாருமில்லீங்க,” என்றான். “மெஷின்தான் ஓடுது.”